பின்னால் வருவோர்க்கு ஒரு விளக்கு

விளக்கு என்றவுடன் முன்னே ஒளி வீசும் விளக்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டு வாயிலில் ஏற்றும் அகல், படிக்கும் பிள்ளையின் மேசை விளக்கு, அதிகாலையில் மலைக்குச் செல்பவர் கையில் ஏந்தும் விளக்கு ஆகிய யாவும் ஏற்றியவருக்கே வழி காட்டுவன. ஆனால், ஏற்றியவர் தம் கண்ணால் காணாத விளக்கு ஒன்றும் உண்டு. அதன் ஒளியில் அவர் ஓரடி தூரமும் பார்ப்பதில்லை. அது அணைந்து போனாலும் அவருக்குத் தெரியாது. மோட்டார் வண்டியின் பின்புறத்திலே செந்நிறமாய் எரியும் சிறு விளக்கையே குறிப்பிடுகின்றோம். இவ்வாரம் அதனைப் பற்றி நேயர்களோடு சிறிது அளவளாவ எண்ணுகின்றோம். இதற்குக் காரணமாய் அமைந்தது எமது மடுல்சீமைப் பயணமாகும்.

சில வாரங்களுக்கு முன்னர் அன்பர் ஒருவர் இல்லத்துத் திருமணத்தின் பொருட்டு நாம் அங்கு செல்ல நேர்ந்தது. 1924ஆம் ஆண்டிலே பதுளை வரை வந்து முடிந்த மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் பயணஞ் செய்து, பதுளையிலிருந்து பஸ் ஏறிப் பசறையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எம்மை அழைத்துச் செல்ல அன்பர் ஒரு வாடகை வண்டியை அனுப்பியிருந்தார். அது 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். வட்ட முகமும் புடைத்த கன்னங்களுமாக, பழைய நண்பர் ஒருவர் எதிர்வந்து நிற்பது போல் அது நின்றது. சாரதி அறுபதை அணுகியவர். அவர் பக்கத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் அவர் மகன் அமர்ந்திருந்தான்.

பசறையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பனிமூட்டம் இறங்கியது. ஊவா மலைகளின் பனிமூட்டத்தை அறிந்தோர்க்கு அதனை விவரிக்க வேண்டியதில்லை. அறியாதோர்க்கு எவ்வளவு விவரித்தாலும் போதாது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். வளைவுக்கு வளைவு ஒலிப்பானை அழுத்தியபடி பெரியவர் வண்டியை நிதானமாக ஓட்டினார். ஒரு வளைவில் எதிரே ஏறத்தாழ நடுவீதியில் லொறி ஒன்று தோன்றவே அவர் பிரேக்கை மிதித்தார். மறுகணமே எமது பின்புறத்தில் பேரோசையுடன் பஸ் ஒன்று அலறி நின்றது. திரும்பிப் பார்த்தால் அதன் முகம் எமது பின்கண்ணாடியை முத்தமிடாத குறைதான்!

பஸ்ஸின் நடத்துனர் இறங்கி ஓடி வந்தார். அவர் குரலில் கோபத்தைக் காட்டிலும் நடுக்கமே மிகுந்திருந்தது.

"என்னண்ணே, பின்னால லைட்டே இல்லையே! கிட்ட வந்த பிறகுதானே வண்டி நிக்கிறது தெரிஞ்சிச்சு!"

"லைட்டு எரியுது தம்பி. புறப்படும்போது போட்டேனே" என்றார் பெரியவர்.

எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். பெரியவர் கூறியது பொய்யன்று. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் எரிந்த விதம், எவரோ இருட்டில் பீடி புகைப்பது போலிருந்தது. மகன் பிரேக்கை மிதித்துக் காட்டினான். பீடியைச் சற்றே இழுத்தாற்போல் கனன்றது, அவ்வளவுதான். நடத்துனர் தலையை அசைத்துவிட்டுப் போனார். வண்டிக்குள் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பின்னர் மகன் மெல்லத் தொடங்கினான். "அப்பா, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எல்.ஈ.டி. பல்பு போட்டா இந்தத் தொல்லையே இல்ல."

"உங்க தாத்தா இந்த வண்டியைத் துரைகிட்ட இருந்து வாங்கினப்போ எப்படி இருந்திச்சோ, அப்படியே இருக்கணும். ஒண்ண மாத்துனா ஒன்பதை மாத்தணும். அப்புறம் இது மொறிஸ் மைனரா இருக்காது."

"வண்டி அப்படியே இருக்கும் அப்பா. நம்ம இருக்கணுமே!"

அந்தச் சொல் பெரியவரைத் தைத்தது என்பதை அவர் மௌனமே உணர்த்தியது. அந்த வண்டி வெறும் பொழுதுபோக்குப் பொருளன்று. திருமணத்துக்கும் பாடசாலைக்கும் மட்டுமன்றி, நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் சுற்றுவட்டத் தோட்டத்து லயங்களிலிருந்து ஆட்கள் வந்து கதவைத் தட்டுவது அவர் வீட்டைத்தான். அக்குடும்பத்தின் அடுப்பும் மகனின் படிப்பும் அந்த நான்கு சக்கரங்களின் மீதே ஓடுகின்றன. ஆதலின், வண்டியின் மதிப்பைக் குறைக்கும் எதனையும் அவர் அஞ்சுவது நியாயமே. வண்டியில் இருப்போரின் உயிரைப் பற்றி மகன் அஞ்சுவதும் நியாயமே. "ஐயா பத்திரிகையில எழுதுறவரு. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று பெரியவர் எம்மிடம் வழக்கை ஒப்படைத்தார். காலையில் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக நாம் ஒப்புக்கொண்டோம்.

மறுநாட் காலை திருமண வீட்டு முற்றத்தில் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. மகன் பதுளையில் ஏற்கெனவே வாங்கி மறைத்து வைத்திருந்த இரண்டு வெள்ளை எல்.ஈ.டி. குமிழ்களைக் கொண்டு வந்தான். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி, பழைய மின்குமிழ்களை எடுத்து, புதியவற்றைப் பொருத்தி ஆளியைப் போட்டான். ஒளி இல்லை. பிரேக்கை மிதித்தான். அப்போதும் இல்லை. பெரியவர் முகத்தில் மலர்ந்த புன்னகையை நாம் மறக்க மாட்டோம். "பாத்தியா? மங்கலா எரிஞ்சதும் போச்சு!" என்றார்.

நாம் மகனிடம் பற்றரியைப் பார்க்கும்படி கூறினோம். அதன் எதிர்முனையே வண்டியின் இரும்புடலோடு இணைந்திருக்குமென அவன் எண்ணியிருந்தான். இணைந்திருந்ததோ நேர்முனை! அக்காலத்து ஆங்கில வண்டிகள் பெரும்பாலும் இவ்வாறே அமைக்கப்பட்டன. 1960களின் பிற்பகுதி வரையில் இவ்வழக்கம் நீடித்தது. சாதாரண மின்குமிழுக்கு இது ஒரு பொருட்டன்று. அதனுள் இருப்பது தங்குதன் இழை. மின்னோட்டம் எப்பக்கமிருந்து வந்தாலும் அது சூடேறி ஒளிரும். எல்.ஈ.டி. என்பதோ, மாணவர்கள் பாடநூலில் படிக்கும் ஒளிகாலும் இருவாயி. இருவாயி என்பது ஒருவழிக் கதவு. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். இக்காலத்து வண்டிகளுக்கெனச் செய்த குமிழை நேர்முனை உடலோடு இணைந்த பழைய வண்டியில் இட்டால், கதவு அடைத்தே கிடக்கும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் குமிழ் வாங்கும் முன்னர் முதலில் நோக்க வேண்டியது பற்றரியையே. நேர்முனை இணைப்புக்கு ஏற்றவை என்றும், எத்திசையிலும் எரியக்கூடியவை என்றும் தனியாக விற்பனையாகும் குமிழ்களையே அவர்கள் கேட்டு வாங்குதல் வேண்டும்.

அடுத்து நாம் பழைய குமிழ்களையே மீண்டும் எடுத்துக்கொண்டோம். அவை ஏன் மங்கின? குமிழ் பிடிப்பியினுள் பார்த்தால் பித்தளை முழுவதும் பச்சைக் களிம்பு. விளக்கின் உறை உடலோடு சேரும் இடத்தில் துரு. மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பிச் செல்லும் வழி அந்தத் துருவின் ஊடாகத்தான். வழியில் தடை மிகுந்தால் குமிழுக்குக் கிடைக்கும் வோல்ற்றளவு குறையும். இழைக் குமிழின் ஒளியோ வோல்ற்றளவு குறையும் வீதத்தைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாகக் குறைவது. 12 வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும். கால்பங்கு குறைந்தால் ஒளியில் பாதிக்கு மேல் போய்விடும். ஆண்டாண்டு காலத் துருவும், வெள்ளிப்பூச்சு உதிர்ந்த உட்புறமும், வெயிலில் வெளிறிய கண்ணாடியும் சேர்ந்தே அந்தப் பீடி நெருப்பை உண்டாக்கின.

மகன் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் தேய்த்தான். துருவை நீக்கி, விளக்கின் உறையிலிருந்து வண்டியின் உடலுக்குப் புதிய செப்புக் கம்பி ஒன்றை இட்டு இறுக்கினான். உறையின் உட்புறத்துக்கு வெள்ளைத் தீந்தை பூசிக் காயவைத்தான். பின்னர் அதே பழைய குமிழ்களை இட்டு ஆளியைப் போட்டதும், முற்றத்தில் நின்ற பெண்டிர் "அட!" என்றனர். ஒரு சதமும் செலவின்றி விளக்குப் பிழைத்தெழுந்தது. "பாத்தீங்களா ஐயா, பழசில ஒரு குறையும் இல்ல" என்றார் பெரியவர். அதனை நாம் மறுக்கவில்லை. புதிய குமிழை நாடும் முன்னர் பழைய இணைப்பைத் துலக்க வேண்டும் என்பதே இவ்விடயத்தில் முதற் பாடம். இருவாயியும் நல்ல இணைப்பின்றி நம்பிக்கையாய் எரியாது.

அவ்வாறாயின் மகனின் விருப்பம் வீணானதா? அன்று. அதனையும் நேயர்கள் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இழைக் குமிழ் உண்மையில் ஒரு சிறிய அடுப்பு. அது பெறும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே கழிகின்றது. எஞ்சி எழும் வெள்ளொளியிலும் சிவப்புப் பங்கை மட்டுமே சிவப்புக் கண்ணாடி வெளியே விடுகின்றது. சிவப்பு இருவாயியோ தொடக்கத்திலேயே செவ்வொளியை மாத்திரம் தருகின்றது. ஆதலின் கண்ணாடி தடுப்பதற்கு அதில் அதிகமில்லை. பழைய பிரேக் குமிழ்கள் ஒவ்வொன்றும் 21 வாற்று. இரண்டும் சேர்ந்து 42 வாற்று. 12 வோல்ற்றில் அதற்கு மூன்றரை அம்பியர் வேண்டும். இருவாயிக் குமிழ்கள் அதே பணியைச் சில வாற்றுகளிலேயே முடித்துவிடும். அக்காலத்து மொறிஸ் மைனரின் டைனமோ தரக்கூடியது இருபது அம்பியர் அளவே. அதுவும் இயந்திரம் விரைந்து சுழலும்போதுதான். பனியில் ஊர்ந்து செல்லும்போது தலைவிளக்கும் கண்ணாடித் துடைப்பானும் பற்றரியையே உறிஞ்சுகின்றன. பின்விளக்கில் மிச்சமாவது பெருந்தொகை அன்றெனினும், ஏழை வீட்டில் மிச்சமாகும் பிடி அரிசி போல் அது உதவும்.

இதனிலும் முக்கியமானது நேரம். இழை சூடேறி முழு ஒளி பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு வினாடியின் ஐந்திலொரு பங்கு செல்கின்றது. இருவாயிக்கு அத்தகைய தாமதம் இல்லை. மின்சாரம் வந்த கணமே அது ஒளிர்கின்றது. ஐந்திலொரு வினாடி என்ன பெரிது என்று எவரேனும் வினவலாம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் அந்நேரத்தில் இரண்டு மீற்றருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஏழடி, முன்னேறிவிடும். முந்தின நாள் மாலை அந்தப் பஸ்ஸுக்கும் எமக்கும் இடையே ஏழடி இருக்கவில்லை என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

மலைப்பாதை பிழைகளை மன்னிப்பதில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி பசறை–லுணுகலை வீதியில் 13ஆம் கட்டையருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினான்குக்குக் குறையாத உயிர்கள் பலியானதை இம்மாவட்டத்து மக்கள் மறக்கவில்லை. அவ்விபத்துக்கும் பின்விளக்குக்கும் தொடர்பில்லை. ஆயினும் இத்தகைய பாதைகளில் இரண்டடி, ஏழடி என்பவை எத்தகைய அளவுகள் என்பதை அது நமக்கு உணர்த்துகின்றது.

மாணவர்களுக்காக இவ்விருவாயியின் வரலாற்றையும் சிறிது கூறுவோம். 1907ஆம் ஆண்டில் ஹென்றி றவுண்ட் என்ற ஆங்கிலேயர், சிலிக்கன் காபைட்டுப் பளிங்கொன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது அது மங்கலாக ஒளிர்வதைக் கண்டு குறிப்பு எழுதினார். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்றிக் நிறுவனத்தில் பணிபுரிந்த நிக் ஹொலோனியாக், கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி தரும் இருவாயியை ஆக்கினார். எமது வண்டி பிறந்து நான்கு ஆண்டுகள் ஆன காலம் அது! நீல ஒளி கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதனை ஆக்கிய ஜப்பானியரான அக்கசாக்கி, அமானோ ஆகியோருக்கும், ஜப்பானிற் பிறந்த நக்கமுராவுக்கும் 2014ஆம் ஆண்டிலே பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலம் கிடைத்த பின்னரே வெள்ளை இருவாயி பிறந்தது. நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சட் பொடியின் மூலம் மாற்றி இரண்டையும் கலந்தே அவ்வெண்மையை உண்டாக்குகின்றனர்.

இந்த வரலாற்றிலேயே மகன் செய்த இரண்டாவது பிழை தங்கியிருக்கின்றது. நீலமும் மஞ்சளும் கலந்த வெள்ளொளியில் செந்நிறம் குறைவு. அவன் வாங்கிய வெள்ளைக் குமிழைப் பற்றரியில் நேராக இணைத்து, அதன் முன்னே வண்டியின் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தோம். வெளிவந்தது சிவப்பன்று, கழுவிப்போன இளஞ்சிவப்பு! பின்புறம் செவ்வொளி காட்ட வேண்டும் என்பது சட்டம். கண்ணுக்கும் அதுவே பழகிய எச்சரிக்கை. ஆதலின் சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு இருவாயியும், மஞ்சட் கண்ணாடிக்கு மஞ்சள் இருவாயியும் இடுவதே முறை. ஆனால் சில பழைய வண்டிகளில் பின்விளக்கின் ஓரத்திலுள்ள வெள்ளைச் சாளரத்தின் வழியாகவே இலக்கத் தகட்டுக்கும் ஒளி செல்கின்றது. அங்கே சிவப்புக் குமிழை இட்டால் தகடும் சிவந்துவிடும்; அத்தகைய வண்டிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. சாதாரணப் பின்னொளிக்கும் பிரேக் ஒளிக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்க வேண்டும். பழைய குமிழில் ஓர் இழை 5 வாற்று, மற்றையது 21 வாற்று. மலிவான இருவாயிக் குமிழ்கள் சிலவற்றில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. எப்போதும் உரக்கப் பேசுபவன் "ஆபத்து!" என்று கூவினாலும் எவரும் திரும்பிப் பாராதது போல், அத்தகைய விளக்கினால் பயனில்லை. அடுத்து, இழை நாற்புறமும் ஒளி வீசும். விளக்கின் உட்புறம் அதனைத் திரட்டிப் பின்னே அனுப்பும். இருவாயியோ தான் நோக்கும் திசையில் மட்டுமே ஒளி வீசும். எனவே பக்கங்களிலும் முனையிலும் இருவாயிகள் பதித்த குமிழ்களையே தெரிந்தெடுத்தல் நன்று. அன்றியும், இழைக் குமிழின் வெப்பம் விளக்கினுள் படியும் ஈரத்தை உலர்த்தி வந்தது. இருவாயி அவ்வாறு செய்யாது. மடுல்சீமை போன்ற ஈர மலைகளில் கண்ணாடியின் விளிம்பிலுள்ள இறப்பர் வளையத்தைப் புதுப்பிக்காமல் இருவாயி இடுவது அரைகுறை வேலையாகும்.

திரும்பும் திசை காட்டும் விளக்கில் வேறொரு சிக்கல். மொறிஸ் மைனரில் 1961ஆம் ஆண்டு வரை இருந்தது கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் கைகாட்டி. அதன் பின்னரே மின்னும் விளக்கு வந்தது. எமது வண்டியின் கைகாட்டி எப்போதோ உடைந்து, பிற்காலத்தில் எவரோ மஞ்சள் விளக்குகளைப் பொருத்தியிருந்தனர். அவற்றை மின்னச் செய்யும் பழைய சிமிழ், குமிழ் இழுக்கும் மின்னோட்டத்தின் வெப்பத்தைக் கொண்டே இயங்குவது. இருவாயி இழுக்கும் சொற்ப மின்னோட்டம் அதற்குப் போதாது. விளக்கு மின்னாமல் விழித்தபடியே நின்றுவிடக்கூடும். இதற்கென உள்ள இலத்திரனியல் சிமிழை, அதுவும் நேர்முனை இணைப்புக்கு ஏற்றதாகப் பார்த்து, மாற்றுதல் வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர், "அப்போ ஒண்ண மாத்துனா ஒன்பதை மாத்தணும்னு நான் சொன்னது சரிதானே, ஐயா?" என்றார். சரிதான். அவர் கூற்றில் பொருள் உண்டு. 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் தோன்றி, அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற பொறியியலாளரின் புகழை நிலைநாட்டிய அவ்வண்டியின் உற்பத்தி 1971ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. நம் நாட்டில் அது நிலைத்தமைக்குக் காரணம் காதல் மாத்திரம் அன்று, தேவையும்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அண்மையிலும் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறந்தது. இருப்பதைப் பேணி ஓட்டும் கலையை நம் பாஸ்மார் இத்தகைய காலங்களிலேயே கற்றனர். பெரியவரின் பிடிவாதம் அந்தக் கலையின் ஒரு பகுதி.

ஆனால் பேணுதல் வேறு, தொடாதிருத்தல் வேறு. நாம் அவரிடம் ஒன்றையே கேட்டோம்: "இந்த வண்டியின் தயர்களும் தாத்தா வாங்கியபோது இருந்தவைதாமா?" அவர் சிரித்துவிட்டார். தயர் தேய்ந்தால் மாற்றுகின்றோம். ஏனெனில் வழுக்குவது நமக்குத் தெரிகின்றது. பின்விளக்கு மங்கினால் மாற்றுவதில்லை. ஏனெனில் மங்குவது நமக்குத் தெரிவதில்லை. வேறுபாடு இவ்வளவே. கம்பியை வெட்டாமல், தகட்டில் துளையிடாமல், பழைய பிடிப்பியிலேயே பொருந்தும் குமிழை இட்டால், வேண்டியபோது ஐந்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம். கழற்றிய பழைய குமிழ்களைப் பத்திரமாய் வைத்திருந்தால் வண்டியின் பழமைக்கும் குறைவில்லை.

மற்றொரு யோசனையும் கூறினோம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜோன் வொயவோட்ஸ்கி என்ற உளவியலாளர், வாடகை வண்டிகள் சிலவற்றின் பின்புற நடுவில் மூன்றாவது பிரேக் விளக்கொன்றைப் பொருத்திச் சோதித்தார். அவ்வண்டிகளைப் பின்னிருந்து மோதும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. 1986ஆம் ஆண்டின் புதிய கார்கள் தொடக்கம் அமெரிக்கச் சட்டம் அவ்விளக்கைக் கட்டாயமாக்கியது. பழைய வண்டியின் பின்கண்ணாடிக்கு உட்புறமாக இத்தகைய சிவப்பு இருவாயிப் பட்டையொன்றை ஒட்டி வைக்கலாம். உடலில் ஒரு கீறலும் விழாது. பனியில் பஸ் சாரதியின் கண்ணுக்கு எதிரே நிற்பது தாழ்ந்த பின்விளக்கு அன்று, அந்தக் கண்ணாடியே.

பெரியவர் "பாப்போம்" என்றார். மலையகத்துப் பெரியவர்களின் "பாப்போம்" என்பதற்கு இரண்டு பொருள் உண்டாகையால், நாமும் மேலே வற்புறுத்தாமல் விடைபெற்றோம்.

சென்ற வாரம் மகனிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. வெள்ளைக் குமிழ்களைக் கடையில் மாற்றிக்கொண்டு, எத்திசையிலும் எரியும் சிவப்புக் குமிழ்களை அவன் வாங்கியிருக்கின்றான். ஆனால் தந்தை ஒரு நிபந்தனை விதித்தாராம்: முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் புதியது, மறுபக்கம் துலக்கிய பழையதே இருக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிய மாலையொன்றில் வண்டியை வாசலில் நிறுத்தி, தாயையும் தங்கையையும் பின்னே ஐம்பது அடி தூரம் நடக்கச் செய்து, தந்தையே பிரேக்கை மிதித்தாராம். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கின்றது என்பதை அவர்களிடம் கூறவில்லை. இரண்டு விளக்குகளும் நன்றாகத் தெரிகின்றன என்றாராம் தாய். தங்கையோ, "அப்பா, இடப்பக்கந்தான் முந்துது. வலப்பக்கம் பின்னாலதான் வருது" என்றாளாம். பெரியவர் மறுபடியும் மறுபடியும் மிதிக்க, அவளும் ஒவ்வொரு தடவையும் அதையே கூறினாளாம். இடப்பக்கத்திலிருந்தது இருவாயி.

"அப்பா ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்து அவரே பின்னால் போய் நின்றார். என்னை மிதிக்கச் சொன்னார். 'முப்பது வருசமா இந்த வண்டிய ஓட்டுறேன். இத இங்க நின்னு பாத்ததே இல்ல' என்றார். மறுநாள் மற்றக் குமிழையும் மாற்றச் சொன்னார். பழைய குமிழ்கள் இரண்டையும் தாத்தாவின் கைக்குட்டையில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறார்" என்று அக்கடிதம் முடிகின்றது.

வழக்கில் தீர்ப்புக் கூறும் பொறுப்பு இவ்வாறு எம்மிடமிருந்து நீங்கியது. நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் விடுக்கின்றோம். உங்கள் வீட்டு வண்டி பழையதாயினும் புதியதாயினும், இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் ஐம்பது அடி பின்னே சென்று நின்று பாருங்கள். பதுளைக்கு வரும் புகையிரதத்தின் கடைசிப் பெட்டியில் அக்காலத்திலே தொங்கிய சிவப்பு விளக்கைக் கண்டே, வண்டி முழுவதும் வந்து சேர்ந்தது என்று நிலையத்தார் அறிந்தனர். நம் வீட்டார் முழுவதும் வந்து சேரவேண்டுமாயின், நாமும் நம் கடைசி விளக்கை ஒரு தடவை இறங்கிப் பார்ப்பது நன்று.